விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டலாமா?

1

இந்த நவம்பரோடு நான் ஜப்பானுக்கு வந்து பன்னிரண்டு வருடங்கள் முடிகின்றன. ஊர்க் கணக்கில் ஒரு மாமாங்கம். இத்தனை நாளில் என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால், குப்பையை வகை வகையாகப் பிரிக்கவும், காலை மடித்து இருபது நிமிடம் உட்காரவும், கோபம் வரும்போது மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொண்டேன் என்பேன். மூன்றாவதுதான் கஷ்டம். மாத்தளைக்காரிக்கு அது லேசில் வராது.

போன வருடம் இதே மாதம், ஒரு மாலை. மகள் மீனா சமையலறை மேசையில் பழைய பத்திரிகையை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நாங்கள் இருப்பது நகானோ பக்கத்து மலை ஊர் ஒன்றில். குளிர்காலம் வந்தால் நாலரை மணிக்கே இருட்டிவிடும். சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் டிக், டிக் என்று சத்தம். என் வாயிலிருந்து அம்மாவின் குரல் அப்படியே வந்தது.

"விளக்கு வச்ச பிறகு நகம் வெட்டாதேன்னு எத்தனை தரம் சொல்றது?"

அவள் தலை நிமிராமல் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னாள். நான் தமிழில் கேட்பதும் அவள் அந்த மொழியில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அவள் சொன்னது இதுதான்: இங்கேயும் அப்படி ஒரு பேச்சு உண்டாம். இருட்டிய பிறகு நகம் வெட்டினால், அப்பா அம்மா சாகிற நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கிடைக்காதாம். சினேகிதியின் வீட்டில் சொன்னார்களாம். சொல்லிவிட்டு அடுத்த விரலுக்குப் போய்விட்டாள்.

இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் நான் வளர்ந்த வீட்டிலும் இந்தத் தடை இருந்தது. ஆனால் காரணம் சொன்னதில்லை. கேட்டால் "லட்சுமி போயிருவா" என்பார் அம்மா. இன்னும் கேட்டால் "வாய் காட்டாதே" என்பார். இந்த ஊர்க்காரர்கள் காரணத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அதுவும் கடல் தாண்டி வந்தவளின் நெஞ்சில் கைவைக்கிற காரணம்.

ஏனென்றால் அப்பா போனபோது நான் பக்கத்தில் இல்லை. இங்கே வந்து மூன்றாவது வருடம் அது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவி விட்டிருந்தார்கள். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழவில்லை. "வந்துட்டியா, சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டார். நான் ஒரே பிள்ளை. அம்மாவின் விஷயத்திலாவது அப்படி நடக்கக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். பிறகு இங்கே வந்து, வேலை முடிந்து, இருட்டிய பிறகே நகம் வெட்டிக்கொண்டிருந்தேன், வருடக்கணக்காக.

2

நான் வேலை செய்வது முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது. வாரத்தில் இரண்டு நாள் குளியல். குளித்து வந்ததும் நகம் வெட்டுவோம். சுடுதண்ணீரில் ஊறி நகம் மிருதுவாக இருக்கும் நேரம் அது. வெட்டிய பிறகு சின்ன அரத்தால் ஓரத்தைத் தேய்க்க வேண்டும், போர்வையில் மாட்டிக் கிழியாமல் இருக்க. நீரிழிவுக்காரர்களின் நகத்தை நாங்கள் தொடக்கூடாது, அது தாதியின் வேலை.

ஊரில் இருப்பவர்கள் நினைப்பது போல இது அருவருப்பான வேலை இல்லை. இந்த நாட்டில் ஒருவர் இன்னொருவரைத் தொடுவதே அபூர்வம். கைகுலுக்க மாட்டார்கள், தோளில் தட்ட மாட்டார்கள், சொந்த அம்மாவையே குனிந்து வணங்கிவிட்டு ரயில் ஏறுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், தொண்ணூறு வயது மனுஷி தன் கையைத் தானாக நீட்டி என் மடியில் வைப்பாள். நான் ஒவ்வொரு விரலாகப் பிடிப்பேன். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். நகம் வெட்டி முடித்த பிறகும் சிலர் கையை எடுக்க மாட்டார்கள்.

ஊரார் அம்மாக்களின் நகத்தை நான் வெட்டுகிறேன், என் அம்மாவின் நகத்தை யார் வெட்டுகிறார்கள்? இந்தக் கேள்வி எனக்கு அம்மா படுக்கையான அன்றே வந்துவிட்டது.

3

பதில், நஸீமா ராத்தா.

முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அலுவிகாரையில் எங்களுக்கு அடுத்த வீடு. வாசலோடு ஒட்டி ஒரு சின்னக் கடை, கறுவாவும் மிளகும் சாதிக்காயும் விற்கிறார். மாத்தளைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் மோந்து பார்த்துவிட்டுப் போகிற கடை. அம்மா பாடசாலை ஆசிரியையாக இருந்தவர், அதனால் ராத்தாவுக்கு இன்றைக்கும் "டீச்சர்" தான். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானதிலிருந்து, பகல் சாப்பாடும் பக்கத்துணையும் ராத்தாதான். கூலிக்கு ஒரு பெண்ணை வைத்துத் தருகிறேன் என்று சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு பேருக்கும் ஒரே ஒரு வழக்கு, நகம். ராத்தாவுக்கு வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவது நபிகள் காட்டிய வழி, நன்மை. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவது மகாபாவம். கைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் என்னிடம் தீர்ப்புக் கேட்பார்கள்.

"தங்கச்சி, நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வெட்டுறது எங்களுக்கு சுன்னத்து. டீச்சர் கையத் தரமாட்டேங்கிறாங்க."

"அவ சுன்னத்த அவ கையில வெட்டச் சொல்லு. என் லட்சுமிய ஏன் விரட்டுறா?"

"உங்க லட்சுமி என் கடையிலதான் வந்து உட்கார்ந்திருக்கா போல. இந்த வாரம் நல்ல யாவாரம்."

வியாழக்கிழமை காலையில் வெட்டுவது என்று சமாதானம் ஆனது.

மீனா சொன்ன ஜப்பானியப் பேச்சை அந்த வாரமே அம்மாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். நான் சொல்லியிருக்கக்கூடாது. அம்மா சிரிக்கவில்லை.

"அங்க எத்தன மணிக்கு இருட்டுது?" என்று கேட்டார்.

"நாலரைக்கும்மா."

"அப்ப நீ வேலையால வந்து வெட்டக்கூடாது. காலையில வெட்டிட்டுப் போ."

அதன் பிறகு வேறு பேச்சுப் பேசினோம். பேச்சை முடிக்கும் முன் ராத்தா கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டர் நெஞ்சுல தண்ணி சேருதுன்னு சொன்னாரு. நான் வேற ஒண்டும் சொல்ல மாட்டேன் தங்கச்சி. வந்து ஒருக்கா பாத்துட்டுப் போங்க."

4

தமுரா அம்மையாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் இல்லத்தில் இருந்தவர், வயது தொண்ணூற்றொன்று. ஒரு காலத்தில் நூடுல்ஸ் கடை நடத்தியவர். ஒரே மகன், தெற்கே வெகுதொலைவில் ஒரு நகரத்தில் உத்தியோகம். வருடத்துக்கு இரண்டு தரம் வருவார், ஒவ்வொரு தரமும் எங்களுக்கு இனிப்புப் பெட்டியோடு.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் தண்ணீர் சூடாக்கும் இயந்திரம் மக்கர் பண்ணியது. குளியல் எல்லாம் பிந்தி, தமுரா அம்மையாரின் கையை நான் பிடித்தபோது மணி ஐந்து, வெளியே கும்மிருட்டு. நகவெட்டியைக் கண்டதும் அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். இருட்டிவிட்டது, வேண்டாம் என்றார்.

எனக்கு விஷயம் தெரியும் என்ற மிதப்பு. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "உங்களுக்கு என்ன பயம்? உங்கள் அப்பா அம்மா எப்போதோ செத்துவிட்டார்களே."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். இந்த ஊரில் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள், கோப்பையைப் பார்ப்பார்கள். பெரியவர்கள் மறைவைச் சொல்ல அவர்களிடம் மரியாதையான சொல் ஒன்று உண்டு. நான் நாய் பூனைக்குச் சொல்கிற மொட்டைச் சொல்லைப் போட்டிருந்தேன். ஆனால் என் பிழை அதைவிடப் பெரிது.

அவர் பொறுமையாக விளக்கினார், குழந்தைக்குச் சொல்வது போல. "எனக்காக இல்லை. என் மகனுக்காக. அவனுக்கு அம்மா நான்தானே. என் நகத்தை இருட்டில் வெட்டி, அவன் வந்து சேராமல் போய்விட்டால்?"

வெட்டுகிறவருக்குச் சொன்ன எச்சரிக்கை அது. அம்மையார் அதைத் திருப்பி வைத்துக்கொண்டு, மகனுக்காகத் தன் பங்குக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தார். நான் தரையில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தடவை கஷ்டமாக இருக்கவில்லை. மறுநாள் காலை வெயிலில் வைத்து வெட்டுகிறேன் என்றேன். பணி மாறும்போது அடுத்தவருக்கு எழுதிவைக்கிற கொப்பியில் காரணம் எழுத வேண்டும். "தமுரா அவர்களின் நகம் காலையில் மட்டும். அவருடைய விருப்பம்" என்று எழுதி முத்திரை குத்தினேன்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது நினைத்தேன், என் அம்மாவும் இப்போது அதே காவலில்தான் படுத்திருக்கிறாரோ என்று.

5

லீவு கேட்கப் போனேன்.

அலுவலகத்தில் இருந்த பெண் தங்கமானவள். படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். பெற்றோர் மறைவுக்கு ஏழு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. அதில் ஒரு கட்டம்: மறைந்த தேதி. அம்மா இன்னும் இருக்கிறாரே என்றேன். அவள் பதறிப்போய் மூன்று தரம் குனிந்தாள். பிறகு, உதவி செய்கிற ஆசையில், "அப்படியானால் அந்தக் கட்டத்தை இப்போதைக்கு வெறுமையாக வைத்துக்கொள்ளலாம்" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை, அந்தக் கட்டத்தின்மேல். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேறு லீவு இருக்கிறது. அதற்கு மாத்தளை வைத்தியரின் கடிதம் வேண்டும், அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவரின் கையொப்பம் வேண்டும். அது முடிய ஜனவரி ஆகிவிடும். மிச்சம் என் சொந்த லீவு. அதில் ஒரு பயணத்துக்குத்தான் நாள் இருந்தது. மார்ச்சில் மீனாவுக்கு உயர்பள்ளி நுழைவுப் பரீட்சை. கணவர் தொழிற்சாலையில் முறை வேலை. இரண்டு தரம் விமானச் சீட்டு வாங்கக் கையில் காசும் இல்லை. இரண்டாம் தரம் கிளம்ப வழியே இல்லை.

ஆக, கேள்வி இதுதான். இப்போது போனால் அம்மா இருக்கும்போது பார்க்கலாம், ஆனால் கடைசிக் காரியத்துக்கு இருக்க முடியாது. காத்திருந்தால் காரியத்துக்குப் போகலாம், ஆனால் பேசுகிற அம்மா இருக்கமாட்டார். ஒரே பிள்ளை காரியத்துக்கு வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்பதும் தெரியும். "ஜப்பான் காசு கண்ண மறைச்சிட்டு" என்பார்கள். அப்பாவின் காரியத்தின்போதே பாதி சொல்லியாகிவிட்டது.

நான் முடிவெடுக்காமல் மறைவு லீவுப் படிவம், சொந்த லீவுப் படிவம் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் திரிந்தேன்.

6

தமுரா அம்மையார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் காலமானார். முதல் நாள் மத்தியானமே, நிலைமை மோசமென்று மகனுக்குச் சொல்லியாயிற்று. அன்றைக்கு வேலை ஒன்றிருக்கிறது, நாளை முதல் ரயிலில் வருகிறேன் என்றாராம். வந்தார். ரயில் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. அவர்தான் நான்கு மணி நேரம் பிந்திவிட்டார்.

அலுவலகக் கோட்டு, டை, கையில் எங்களுக்கு இனிப்புப் பெட்டி. அவசரத்திலும் அதை வாங்க மறக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் "தொந்தரவு கொடுத்துவிட்டோம்" என்று குனிந்தார். முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு. தன் துக்கத்தை அடுத்தவர் தலையில் ஏற்றக்கூடாது என்று சிரிக்கிற சிரிப்பு அது, ஊரில் பார்த்தால் "கல்நெஞ்சுக்காரன்" என்பார்கள்.

அம்மாவின் கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தவர், நகங்கள் ஒழுங்காக இருக்கின்றனவே, யார் வெட்டியது என்று கேட்டார். நான் சொன்னேன். காலையில் மட்டும்தான் வெட்டவிடுவார் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அம்மாவின் விரல்களைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்தவர், எழும்பவே இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

நகம் பகலில்தான் வெட்டினோம். காவல் சரியாகத்தான் இருந்தது. மகன் கிளம்பவில்லை, அவ்வளவுதான்.

அன்று மதியமே என் சொந்த லீவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். வருடக் கடைசி, ஆள் தட்டுப்பாடு. பன்னிரண்டு பேரிடம் தனித்தனியாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன்.

7

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வேனில் வந்து, அக்குறணையில் ஒரு பிளேன்டீ குடித்து, அலுவிகாரையில் இறங்கியபோது வெள்ளிக்கிழமை மாலை. வாசலில் ராத்தா. செருப்பைக் கழற்றும் முன்பே முறைப்பாடு தொடங்கிவிட்டது.

"தங்கச்சி, ஒங்க உம்மாவோட நகத்தப் பாருங்க. பருந்து மாதிரி வளத்து வச்சிருக்காங்க. அண்டைக்கு நீங்க அந்தக் கதையச் சொன்னீங்களே, அதோட சரி. வியாழனும் இல்ல, காலையும் இல்ல. மக வந்து வெட்டட்டும்னு ஒரே பிடி."

அம்மா ரொம்பச் சுருங்கிப் போயிருந்தார். தலையணை இரண்டு வைத்துச் சாய்ந்திருந்தார், மூச்சு மேலேயே நின்றது. என்னைப் பார்த்ததும் அதே கேள்வி.

"வந்துட்டியா ரஞ்சி. சாப்பிட்டியா?"

நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடத்தில் படித்த அடக்கம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா அழவிட்டுவிட்டு, ஓய்ந்த பிறகு இரண்டு கையையும் என் மடியில் வைத்தார்.

"வெட்டு."

ராத்தா சாமி விளக்கை ஏற்றி வைத்திருந்தார். அம்மா விழுந்ததிலிருந்து அதுவும் அவர் வேலை. "அல்லாஹ் என்ன நினைப்பானோ, டீச்சர் வாய்க்குப் பயந்து ஏத்துறேன்" என்பார். வெளியே இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"விளக்கு வச்சாச்சும்மா. வெள்ளிக்கிழமை வேற. நாளைக்குக் காலையில வெட்டுறேன்."

"இனி என்னத்துக்கு நாளைக்கு? அதுதான் நீ வந்துட்டியே. வெட்டு."

ராத்தா பத்திரிகைத் தாளை விரித்தார். "நான் தலகீழா நிண்டும் நடக்கல்ல. கடைசில சுன்னத்து நெறவேறிட்டு" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாகியது. நான் சிறுவிரலிலிருந்து தொடங்கினேன். முடித்த பிறகு அம்மா கையை எடுக்கவில்லை.

ஒன்பது நாள் இருந்தேன். திரும்பும் நாள், இனி எப்போது வருவாய் என்று அம்மா கேட்கவில்லை. "மீனாட பரீட்சையப் பாத்துக்க" என்றார். நான் "போயிட்டு வாறேம்மா" என்றேன். தலையை ஆட்டினார். இரண்டு பேரும் பொய்யை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டோம்.

8

மாசியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா தொடங்கிய வாரம் ராத்தாவின் அழைப்பு வந்தது. நான் வேலையில் இருந்தேன். "டீச்சர் போயிட்டாங்க தங்கச்சி. என் கையப் புடிச்சிக்கிட்டுத்தான்" என்றார். பெரியப்பா மகன் கண்டியிலிருந்து வந்து கொள்ளி வைத்தார். நான் போகவில்லை. ஊர் பேசியது என்று கேள்வி. பேசட்டும்.

அலுவலகத்துப் பெண் அதே படிவத்தை இரண்டு கையாலும் தந்தாள். அந்தக் கட்டத்தை நிரப்பினேன். கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஏழு நாளும் வீட்டில் இருந்து மீனாவுக்குச் சோறு பொங்கிப் போட்டேன். அவள் பரீட்சையில் தேறினாள். இப்போது தூரத்து ஊர்ப் பள்ளிக்கு ரயிலில் போகிறாள், வாரத்தில் பாதி நாள் பேச்சே இல்லை. இன்னும் இரண்டு வருடத்தில் டோக்கியோ போகவேண்டும் என்கிறாள். போகட்டும், நான் போகவில்லையா?

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல் இல்லை என்போமே, இங்கேயும் அதே வழக்கம். நவம்பரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஓர் அட்டை அனுப்ப வேண்டும்: எங்கள் வீட்டில் துக்கம், ஆகவே புத்தாண்டு வாழ்த்து அனுப்ப வேண்டாம். நேற்று மாலை மேசையில் அந்த அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தேன். என் எழுத்தைப் பார்க்கச் சகிக்காமல் மீனா வாங்கி எழுதினாள். அம்மாவின் பெயரை ஜப்பானிய எழுத்தில் அழகாக எழுதினாள்.

முடித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து நகவெட்டியை எடுத்தாள். அவள் யன்னலைப் பார்த்தாள். நன்றாக இருட்டியிருந்தது. பிறகு ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நகவெட்டியை இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினாள்.

"காலையில," என்றாள், தமிழில்.

அம்மா போனதற்கு நான் நேற்றுத்தான் அழுதேன். இன்று காலை அவள் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் நகத்தை மறந்துவிட்டு ஓடினாள். நான் ஞாபகப்படுத்தவில்லை.